பாங்காக்கில் நான்கு நாள்: முதல் தடவை போகிறவர்களுக்கு

"பாங்காக் போறோம், நாலு நாள், என்னென்ன பார்க்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ரூம் எங்கே போட்டிருக்கீங்க?"

அந்த ஊரில் பயணம் இனிப்பதும் கசப்பதும் பெரும்பாலும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. பாங்காக்கின் சாலை நெரிசல் பேர்போனது. சாயங்கால நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆவது அங்கே சாதாரணம். ஆனால் அதே ஊரில் தலைக்கு மேலே ரயில் ஓடுகிறது, தரைக்குக் கீழே ரயில் ஓடுகிறது, நடுவே சாவோ பிரயா ஆற்றில் படகு ஓடுகிறது. இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டால் ஊர் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

நான் முதல் முறை அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது இது தெரியாது. வாடகை குறைவு என்று ஒரு விடுதியைப் பிடித்தேன். ரயில் நிலையம் பக்கம் என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் சந்துக்குள் இரண்டு கிலோமீட்டர் நடை. அப்பாவுக்கு முழங்கால் வலி. தினமும் டாக்சி பிடித்து, நெரிசலில் உட்கார்ந்து, மிச்சம் பிடித்த வாடகைக்கு மேல் செலவாயிற்று. அடுத்த முறை போனபோது நிலையத்திலிருந்து நாலு நிமிட நடையில் அறை எடுத்தேன். ஊரே வேறாகத் தெரிந்தது. இரண்டு பயணத்திலும் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வெயில் இருக்கும், ஆனால் நம் ஊர் மார்கழி, தை மாதிரி தாங்கக்கூடியது. மார்ச் முதல் மே வரை சென்னைக் கத்திரியேதான். மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை மழை. பெரும்பாலும் பிற்பகலில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும் என்பதால் மழைக்காலத்தை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. அறை வாடகையும் அப்போது குறைவு.

ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்கிரான், அவர்களுடைய புத்தாண்டு. நம் சித்திரை முதல் நாளும் அந்த நாட்களில்தான் வரும். தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். அதற்கென்றே போகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான். வயதானவர்களோடு கோயில் பார்க்கப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

காகிதங்கள்

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்கு அறிவித்தார்கள். இதுபோன்ற சலுகைகள் நாளும் எண்ணிக்கையும் மாறக்கூடியவை. அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள், பழைய வீடியோவை நம்பிப் போகாதீர்கள்.

2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை என்று ஒன்று கட்டாயம். முன்பு விமானத்தில் கொடுத்த காகித அட்டைக்குப் பதில் இது. அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் தாய்லாந்துக் குடிவரவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். காசு கிடையாது. இதைக் கவனியுங்கள்: கூகுளில் தேடினால் அரசுத் தளம் போலவே தோன்றும் சில தளங்கள் கட்டணம் கேட்கும். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று வெளியே வந்துவிடுங்கள்.

திரும்பி வரும் டிக்கெட், விடுதி முன்பதிவு இரண்டையும் காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். குடிவரவில் கேட்டால் போனைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். கையில் பணம் இருக்கிறதா என்றும் சில சமயம் கேட்பார்கள்.

இ-சிகரெட் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கே அது சட்டப்படி குற்றம்.

அறை

பி.டி.எஸ். என்பது மேலே ஓடும் ரயில், எம்.ஆர்.டி. என்பது பெரும்பாலும் கீழே ஓடும் ரயில். இவற்றில் ஏதாவது ஒரு நிலையத்திலிருந்து 500 மீட்டருக்குள் அறை இருக்கட்டும். விடுதிக்காரர்கள் சொல்லும் தூரத்தை நம்பாமல் வரைபடத்தில் நடைவழியை நீங்களே போட்டுப் பாருங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்று இடங்கள். ஒன்று, பயாதாய், ராச்சதேவி பக்கம்: விமான நிலைய ரயில் வந்து நிற்கும் இடம், சியாம் கடைவீதி பக்கத்திலேயே. இரண்டு, அசோக்: மேல் ரயிலும் கீழ் ரயிலும் சந்திக்கும் சந்திப்பு, சுற்றிலும் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய. மூன்று, சபான் தக்சின்: படகுத்துறை காலடியில். பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்களுக்கு மூன்றாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் முக்கியமான கோயில்கள் எல்லாம் ஆற்றங்கரையில் இருக்கின்றன.

சுகும்வித் சாலையில் அறை எடுத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் கிளைச் சந்துகளைச் 'சோய்' என்பார்கள். ஒற்றைப்படை எண்கள் எல்லாம் சாலையின் ஒரு பக்கம், இரட்டைப்படை எல்லாம் மறுபக்கம். சோய் 20-க்கு அடுத்தது 21 என்று தேடிப் போகாதீர்கள், அது சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

இறங்கியதும்

பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள். பெரியது சுவர்ணபூமி. எழுத்தில் அப்படி இருந்தாலும் அவர்கள் சொல்வது 'சுவன்னபூம்'. டாக்சிக்காரரிடம் அப்படிச் சொன்னால்தான் சட்டென்று புரியும். மலிவு விமானங்கள் சில டான் முவாங்கில் இறங்கும். உங்கள் டிக்கெட்டில் எது என்று போகும்போதும் வரும்போதும் இரண்டையும் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஊரின் எதிரெதிர்ப் பக்கம் போலத்தான்.

சுவர்ணபூமியின் அடித்தளத்தில் விமான நிலைய ரயில் நிற்கும். பயாதாய் வரை 45 பாட் (பாட் என்பது அவர்கள் நாணயம்), ஏறக்குறைய அரை மணி நேரம். ரயில் நுழைவாயில் பக்கத்திலேயே பணம் மாற்றும் சிறு கடைகள் இருக்கும். மேலே வருகைக் கூடத்தில் இருக்கும் வங்கி முகப்புகளைவிட இங்கே விலை நன்றாகக் கிடைக்கும். ரூபாயைவிட டாலருக்கு நல்ல விலை. நான் டாலர் கொண்டுபோய் இங்கேதான் மாற்றினேன். ஏ.டி.எம்.மில் நம் ஊர் அட்டையைப் போட்டால் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் எடுப்பதானால் ஒரே தடவையில் எடுங்கள். ஒரு பாட் இரண்டரை முதல் மூன்று ரூபாய்க்குள் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு பேர், பெட்டி படுக்கை என்று இருந்தால் டாக்சியே சரி. முதல் தளத்தில் இயந்திரத்தில் சீட்டு எடுத்தால் எந்த எண் தடத்தில் வண்டி நிற்கிறது என்று வரும். அந்தச் சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது தகராறு என்றால் அதுதான் ஆதாரம். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். அதோடு விமான நிலையக் கட்டணம் 50, விரைவுச் சாலைச் சுங்கம் தனி. இதெல்லாம் முறைப்படி உள்ளவை, ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். டான் முவாங்கில் இறங்கினால் சிவப்புத் தட ரயில் இருக்கிறது. அதில் குருங் தெப் அபிவத் நிலையம் வந்து எம்.ஆர்.டி.க்கு மாறலாம்.

சிம் கார்டை விமான நிலையத்திலேயே வாங்கிவிடுங்கள், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். டாக்சி அழைக்க உதவும் கிராப், போல்ட் செயலிகளை ஊரிலேயே போனில் ஏற்றிவைத்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து நள்ளிரவில் கிளம்பும் விமானம் விடிகாலையில் கொண்டுபோய் விடும். அவர்கள் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். அறை கிடைப்பதோ பிற்பகல் இரண்டு மணிக்கு. பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டு வெளியே போகலாம், எல்லா இடத்திலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் தூக்கமில்லாத அந்தக் காலையில் அரண்மனைக்குப் போகாதீர்கள்.

முதல் நாள்: சும்மா இருக்கும் நாள்

காலையில் லும்பினி பூங்காவுக்குப் போங்கள். நகரத்தின் நடுவே ஏரியும் நிழலும். ஏரிக்கரையில் ஆளுயர உடும்புகள் வெயில் காயும். கிட்டே போகாமல் நின்று பார்த்தால் ஒன்றும் செய்யாது. குழந்தைகள் அந்த இடத்தை விட்டு வர மாட்டார்கள். அப்புறம் அறைக்கு வந்து நன்றாகத் தூங்கிவிடுங்கள்.

சாயங்காலம் சீலோம் சாலை மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்து குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்லாந்து மக்கள் இதை 'வாட் கேக்' என்பார்கள், டாக்சியில் அப்படிச் சொன்னால் போதும். நம் ஊர்க் கோபுரம்தான், ஆனால் உள்ளே கும்பிட்டு நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்க்காரர்கள். வெளியே பூக்கடையில் சாமந்தி மாலையும் தேங்காயும் வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையில் அமைதியாக வருகிறார்கள். அம்மா ரொம்ப நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நவராத்திரி சமயத்தில் போகிறவர்களுக்கு விஜயதசமி இரவு ஊர்வலம் கிடைக்கும். சீலோம் சாலையையே மறித்து நடக்கும்.

இரண்டாம் நாள்: ஆறும் மூன்று கோயில்களும்

இந்த நாளுக்குத்தான் மற்ற எல்லாத் திட்டமும். காலை ஏழரைக்குக் கிளம்பிவிடுங்கள்.

பி.டி.எஸ்.சில் சபான் தக்சின் இறங்கினால் கீழே சத்தோன் படித்துறை. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு ஊர் மக்கள் போகும் படகு. தூரம் எவ்வளவானாலும் ஒரே கட்டணம், நான் போனபோது 16 பாட். நீலக் கொடிப் படகு சுற்றுலாப் பயணிகளுக்கானது, விலை பல மடங்கு. படித்துறையில் நுழைந்ததுமே நீலத்துக்குத்தான் கை காட்டுவார்கள். "ஆரஞ்சு" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். படகு கரையைத் தொட்ட சில நொடிகளில் கிளம்பிவிடும், வயதானவர்களை முன்னால் ஏறவிடுங்கள். தா சாங் துறையில் இறங்கினால் ஐந்து நிமிட நடையில் அரண்மனை வாசல்.

அரண்மனை எட்டரைக்குத் திறக்கும், பிற்பகல் மூன்றரைக்கு டிக்கெட் நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டவருக்கு 500 பாட். முதலாம் ராமா என்ற அரசர் 1782-இல் தலைநகரை இந்தக் கரைக்கு மாற்றியபோது கட்டத் தொடங்கியது இது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், கிழிசல் ஜீன்ஸும் கூடாது. வேட்டி, புடவை, சல்வார் எதுவானாலும் தாராளமாகப் போகலாம்.

உள்ளே மரகத புத்தர் இருக்கிறார். பெயர் மரகதம் என்றாலும் பச்சை ஜேட் கல். 66 சென்டிமீட்டர்தான் உயரம். வெயில், மழை, குளிர் என்று வருஷத்துக்கு மூன்று முறை அரசரே வந்து உடை மாற்றிவிடுவார். சன்னிதிக்குள் படம் எடுக்கக் கூடாது. உட்காரும்போது பாதம் புத்தரைப் பார்த்து நீளக் கூடாது, காலை மடக்கிப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான கூட்டம் இதைப் பார்த்துவிட்டுத் தங்கக் கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு போய்விடும். நீங்கள் போகாதீர்கள். கோயிலைச் சுற்றிலும் உள் மதில் தாழ்வாரம் முழுக்க 178 காட்சிகளில் ராமகியன் வரைந்திருக்கிறார்கள். அவர்களுடைய ராமாயணம் அது. வடக்கு வாசலருகே தொடங்கி வலமாகச் சுற்றி வர வேண்டும். ராவணன் பெயர் தொசகன், நம் தசகண்டன்தான். அவன் பச்சை நிறம். அனுமன் வெள்ளை. அம்மா ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, "இது சேது கட்டறது, இது கும்பகர்ணன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் மட்டும் நின்றுவிட்டாள். கடலில் மீன்வால் கொண்ட ஒரு பெண்ணோடு அனுமன். "இது யாரு, நம்ம கதையில கிடையாதே?" அவள் சுவர்ணமச்சா, ராவணனின் மகள். பாலம் கட்டப் போடும் கல்லையெல்லாம் கடலுக்கடியில் எடுத்துவிட வந்தவள், அனுமனிடம் மனதைக் கொடுத்துவிடுகிறாள். அங்கே அனுமன் பிரம்மசாரி இல்லை. இந்தச் சுவரை நம்மைப் போல் கதை தெரிந்து பார்க்கக்கூடியவர்கள் அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் பேர்தான். ஒரு மணி நேரமாவது இதற்குக் கொடுங்கள். தாழ்வாரம் நிழல் வேறு.

வெளியே வந்து மதிலோரமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் வாட் போ. கட்டணம் 300 பாட். பள்ளிகொண்ட புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். மண்டபத்துக்குள் அவரை முழுசாக ஒரே பார்வையில் பார்க்க முடியாது, தூண்களுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் தெரிவார். பாதத்தருகே நில்லுங்கள். முத்துச் சிப்பியில் 108 மங்கலச் சின்னங்கள் இழைத்திருக்கிறார்கள். முதுகுப் பக்கத்துச் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். 20 பாட் கொடுத்தால் ஒரு தட்டு நிறையச் சின்னக் காசுகள் தருவார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். அந்தக் 'கிணி கிணி' மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தக் கோயில் தாய் மசாஜுக்குப் பெயர்போன பள்ளியும்கூட. நடந்து நடந்து கால் வலித்தால் அங்கேயே கால் பிடித்துக்கொள்ளலாம். அப்பா அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இன்றைக்கும் பயணத்தின் உச்சம் என்கிறார்.

மதிய வெயிலில் எங்கேயாவது குளிர்பதன அறையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாலு மணி வாக்கில் பக்கத்துத் தா தியன் துறையிலிருந்து எதிர்க்கரைக்கு ஐந்து பாட் படகு. அங்கே வாட் அருண், 200 பாட். அருணன் பெயரில் விடியலின் கோயில். கிட்டே போய்ப் பார்த்தால் கோபுரம் முழுக்க உடைந்த சீனப் பீங்கான் துண்டுகள். சோற்றுத் தட்டின் விளிம்பு, கிண்ணத்தின் அடி, பூப்போட்ட தட்டின் கால்வாசி என்று ஒவ்வொன்றும் அடையாளம் தெரியும். அவற்றையே இதழாக அடுக்கிப் பூவாக்கியிருக்கிறார்கள். படிகள் செங்குத்து, முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே சுற்றி வரலாம். ஆறு மணிக்கு முன் மறுபடி இக்கரைக்கு வந்து நில்லுங்கள். அஸ்தமனம் அந்தக் கோபுரத்துக்குப் பின்னால்தான். கொஞ்ச நேரத்தில் விளக்குகளும் போட்டுவிடுவார்கள். திரும்பும்போது படகைத் தேட வேண்டாம், ஆரஞ்சுப் படகு இருட்டியதும் நின்றுவிடும். சனாம் சாய் எம்.ஆர்.டி. நிலையம் நடை தூரத்தில் இருக்கிறது. அந்த நிலையமே அரண்மனை மண்டபம் போலத் தூண்களோடு கட்டப்பட்டது.

"இன்றைக்கு மூடியிருக்கு" என்று யாராவது சொன்னால்

அரண்மனையைச் சுற்றி இது பல வருஷமாக நடக்கிறது. நல்ல உடை போட்ட ஒருவர், சில சமயம் கழுத்தில் அடையாள அட்டையோடு, சிரித்துக்கொண்டு வந்து பேசுவார். "அரண்மனை மதியம் வரை மூடல், விசேஷ பூஜை. அதுவரை வேறு கோயில் பார்க்கலாம், டுக்டுக் 20 பாட்தான்" என்பார். டுக்டுக் என்பது அவர்கள் ஊர் ஆட்டோ. ஏறினால் ஒரு சின்னக் கோயிலைக் காட்டிவிட்டு நவரத்தினக் கடையிலோ தையல் கடையிலோ கொண்டுபோய் விடுவார்கள். அங்கே வாங்கும் கல் ஊரில் பாதி விலைகூடப் போகாது. பதில் சொல்லாமல் வாசல்வரை நடந்து நீங்களே பாருங்கள், அவ்வளவுதான்.

தெருவில் டாக்சி பிடித்தால் ஏறுமுன் "மீட்டர்?" என்று கேளுங்கள். தலையாட்டினால் ஏறுங்கள், தொகை சொன்னால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த வண்டி. கோபப்பட வேண்டியதில்லை. டுக்டுக்கில் ஒரு முறை ஏறிப் பார்க்கலாம், விலை பேசிவிட்டு ஏறுங்கள். டாக்சியைவிட மலிவு என்று எண்ணாதீர்கள்.

மூன்றாம் நாள்: ஊஞ்சலும் பூச்சந்தையும்

சாம் யோத் எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் நடுச்சாலையில் சிவப்பு வண்ணத்தில் இரண்டு பிரம்மாண்டத் தேக்குத் தூண்கள் நிற்கும். சாவ் சிங் சா, பெரிய ஊஞ்சல். 1784-இல் முதலில் அமைத்தது. இப்போது இருப்பது 2007-இல் புதிய தேக்கில் செய்தது. மார்கழி விழாவில் இதில் ஆடி, உயரத்தில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வி எடுப்பார்கள். 1935-க்குப் பிறகு ஊஞ்சல் ஆடுவது நின்றுபோனது.

ஆனால் விழா நிற்கவில்லை. பக்கத்திலேயே தேவஸ்தான் என்ற அரசவை அந்தணர் கோயில் இருக்கிறது. வெள்ளைச் சுவர், எளிமையான கட்டடம், தேடிப் போகாவிட்டால் தாண்டிவிடுவீர்கள். அங்கே நடக்கும் அந்த விழாவின் பெயர் திரியம்பவாய், திரிபவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அப்படித் தேய்ந்திருக்கின்றன. பல நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து போன பாட்டு, பொருள் மறந்து, உச்சரிப்பு மாறி, இன்னும் அங்கே ஓதப்படுகிறது. இதைத் தெரிந்துகொண்டு அந்த வாசலில் நிற்பது வேறு அனுபவம். எனக்கு அந்த ஊரிலேயே பிடித்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எதிரே வாட் சுதாத். கூட்டமில்லாத பெரிய கோயில், உட்கார்ந்து இளைப்பாறலாம்.

மதியத்துக்குப் பாஹுராத், அங்கே சின்ன இந்தியா. துணிக்கடைகளுக்கு நடுவே சைவச் சாப்பாடு கிடைக்கும். அங்கிருந்து பாக் குலோங் தலாத் பூச்சந்தை நடை தூரம். செவ்வந்தி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மல்லிகை மொட்டை ஊசியில் கோத்து வளையமாக்கி, கீழே ரோஜாக் குஞ்சம் கட்டுவார்கள். அதற்குப் பெயரே 'புவாங் மாலை'. ஒரு பாட்டியம்மா தாமரை மொட்டை இடக்கையில் பிடித்துக்கொண்டு, வெளியிதழை ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் உள்ளே மடித்துச் செருகிக்கொண்டிருந்தார். பச்சை மொட்டு ஒரு நிமிடத்தில் இளஞ்சிவப்புப் பூவாகிவிட்டது. அம்மா கை நீட்டியதும் மடிக்காத மொட்டு ஒன்றைக் கொடுத்து, தன் கையை மெதுவாக ஆட்டிக் காட்டினார். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. மூன்றாவது மொட்டில் அம்மாவுக்குக் கை பழகிவிட்டது.

இருட்டியதும் யாவோராத், சீனத்தெரு. எம்.ஆர்.டி.யில் வாட் மங்கோன் நிலையம். சைவர்களுக்கு அங்கே மூக்கைப் பிடிக்க வேண்டிய வாடை கொஞ்சம் உண்டு, ஆனால் அந்த விளக்குகளைப் பார்க்காமல் வரக் கூடாது.

சாப்பாடு

சைவர்கள் பட்டினி கிடப்பார்கள் என்பது உண்மையல்ல. ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும். காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். அது அவர்களுக்கு நம் உப்பு மாதிரி. பப்பாளிக்காய்ச் சாலட்டில் உலர்ந்த இறால் இருக்கும். கறிக் குழம்பின் அரைத்த மசாலாவிலேயே இறால் விழுது சேர்ந்திருக்கும்.

நீங்கள் தேட வேண்டியது மஞ்சள் பலகையில் சிவப்பில் எழுதிய 'ஜே' என்ற சொல். தாய் எழுத்தில் பார்க்க 17 என்ற எண் போல இருக்கும். அந்தப் பலகை இருந்தால் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூட இல்லை. கடைக்காரரிடம் "கின் ஜே" என்றால் புரிந்துகொள்வார். மற்றக் கடையில் "மை சை நம் பிளா" என்றால் மீன் சாறு வேண்டாம் என்று பொருள். செவன் இலவன் கடைகளில் பொட்டலங்களிலும் அந்த 17-ஐப் பார்த்து எடுக்கலாம். செப்டம்பர், அக்டோபரில் ஒன்பது நாள் ஜே விழா வரும். அப்போது சீனத்தெரு முழுக்க மஞ்சள் கொடிதான்.

அங்காடிகளின் உணவுக் கூடத்தில் முதலில் முகப்பில் பணம் கொடுத்து அட்டை வாங்க வேண்டும், மிச்சத்தை அன்றைக்கே திருப்பித் தருவார்கள். அசோக்கில் டெர்மினல் 21 அங்காடியின் கூடம் விலைக்கும் சுத்தத்துக்கும் நல்லது. மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய பசைச் சோறும் ஒரு முறையாவது சாப்பிடுங்கள். மார்ச் முதல் மே வரை மாம்பழம் அருமை. தெருவில் கண்ணாடிப் பெட்டி வண்டியில் கொய்யா, மாங்காய், அன்னாசியை உங்கள் கண் முன்னால் நறுக்கிப் பையில் போட்டு, குச்சி ஒன்றும் உப்பு மிளகாய்ப் பொட்டலமும் தருவார்கள். மெரினா ஞாபகம் வரும்.

குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். கழிப்பறையில் கைக்குழாய் இருக்கும், அந்தக் கவலை வேண்டியதில்லை.

நான்காம் நாள்

சனி, ஞாயிறு என்றால் சதுசாக் சந்தை. ஆயிரக்கணக்கான கடைகள், காலை பத்துக்குள் போய் மதியத்துக்குள் வந்துவிடுங்கள். பிடித்த பொருளைப் பார்த்தால் அப்போதே வாங்கிவிடுங்கள், திரும்பி வந்து அந்தக் கடையைக் கண்டுபிடிப்பது நடக்காது. புத்தர் சிலை வாங்க வேண்டாம். நாட்டைவிட்டு எடுத்துச் செல்லக் கலைத்துறையின் அனுமதி வேண்டும்.

வார நாள் என்றால், விமானம் இரவுதான் என்றால், அயுத்தியா போய் வரலாம். நம் அயோத்தியின் பெயர் தாங்கிய பழைய தலைநகரம், 1767-இல் பர்மியப் படை அழித்தது. ரயிலில் ஒன்றரை இரண்டு மணி நேரம், மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஒரு தேநீர் விலைதான். மரவேர்கள் அணைத்துக்கொண்ட புத்தர் தலை அங்கேதான் இருக்கிறது. அதன் பக்கத்தில் படம் எடுக்கும்போது தரையில் உட்கார்ந்துவிடுங்கள், உங்கள் தலை அவர் தலைக்கு மேல் போகக் கூடாது என்பது அங்கே முறை.

இன்னும் சில முறைகளும் உண்டு. காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் ரயில் நிலையத்திலும் பூங்காவிலும் தேசிய கீதம் ஒலிக்கும், எல்லாரும் அப்படியே நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். பெண்கள் பிக்குகளைத் தொடவோ கையில் நேரடியாகப் பொருள் கொடுக்கவோ கூடாது. அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகக்கூட எதுவும் பேச வேண்டாம், அங்கே அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பாட் நோட்டு காற்றில் பறந்தால் காலால் மிதித்துப் பிடிக்காதீர்கள், அதில் அரசர் படம் இருக்கிறது.

எவ்வளவு எடுத்துப் போகலாம்

மூன்று பெரிய கோயில்களுக்கும் சேர்த்து ஒருவருக்கு 1000 பாட். ரயில், படகுக்கு ஒரு நாளைக்கு 150 முதல் 200. நடுத்தரமாகச் சாப்பிட்டால் நாளைக்கு 400 முதல் 500. ஆக அறையும் கடைச் செலவும் தவிர நான்கு நாளுக்கு ஒருவருக்கு 4000 பாட் தாராளம். சதுசாக்குக்கு எவ்வளவு என்று நான் சொல்ல முடியாது.

எம்.ஆர்.டி. வாசலில் தொட்டால் போதும் வகை விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் நேரடியாக வேலை செய்யும். பி.டி.எஸ்.சுக்குப் பணம் ஏற்றிவைத்துப் பயன்படுத்தும் ராபிட் அட்டை வாங்கலாம், அல்லது ஒவ்வொரு முறையும் டிக்கெட் எடுக்கலாம். ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. நாலு நாளுக்கு அப்பப்போ டிக்கெட் எடுத்துக்கொண்டதே எனக்குப் போதுமாக இருந்தது.

கிளம்பும் நாளில் விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருங்கள். மாலை நெரிசலில் டாக்சியை நம்பாமல் ரயிலிலேயே போய்விடுங்கள். சுவர்ணபூமியில் குடிவரவு தாண்டியதும் பாற்கடல் கடையும் பெரிய சிற்பம் இருக்கிறது. வாசுகியை ஒரு பக்கம் அசுரர்களும் மறுபக்கம் தேவர்களும் இழுக்க, ஆமை முதுகில் மந்தர மலை, உச்சியில் விஷ்ணு. அதற்குப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சில வாசல்கள் நல்ல தூரம், முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.